மைனர் கியர்பொக்ஸுக்குப் பேரிங் கண்டுபிடித்த விதம்

பழைய ஆங்கிலக் காரான மொரிஸ் மைனரின் கியர்பொக்ஸில் சத்தம் வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "மைனர் பேரிங் செட் எங்க எடுக்கலாம்?" என்பதுதான். வன்னியில் ஓடிய கார் என்றால் அந்தக் கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அளவெடுக்கும் வேனியரைக் கையில் எடுங்கள். போர்க்காலத்தைக் கடந்து வந்த கார்களில் பொக்ஸ் காருக்குச் சொந்தமானதாக இருக்கும் என்று நம்பிக் காசு அனுப்பக் கூடாது.

எங்களுடையது மாமாவின் கார். 90களில் கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் வாடகைக்கு ஓடியது. பெற்றோலும் உதிரிப்பாகங்களும் தடைப் பட்டியலில் இருந்த காலம். கார்பரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். 2002இல் ஏ9 வீதி திறந்ததும் மாமா அதை வவுனியாவுக்குக் கொண்டுவந்து ஒரு கொட்டிலுக்குள் விட்டார். அதனால்தான் இன்றைக்கும் இருக்கிறது.

போன வருடம் முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்படும்போது உறுமல் தெளிவாகக் கேட்டது. நியூற்றலில் நிற்கும்போது சத்தம், கிளச்சை மிதித்தால் அடங்கியது. இரண்டாம், மூன்றாம் கியரில் கூடியது, நான்காவதில் குறைந்தது. இந்த வகைப் பொக்ஸில் நான்காவது கியர் நேரடி ஓட்டம், பற்சக்கரங்கள் பாரம் சுமப்பதில்லை. ஆகவே முன்பக்கத் தண்டின் பேரிங்கில் அல்லது கீழ்த் தண்டில்தான் கோளாறு. மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்திருந்தால் கிளச் பேரிங்கைச் சந்தேகித்திருக்கலாம். மைனரில் அது குண்டு பேரிங்கே அல்ல, கரி வளையம்.

லண்டனில் இருக்கும் மச்சான் முழுச் செட்டையும் வாங்கி அனுப்பத் தயாராக இருந்தார். மைனரின் பொக்ஸும் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற், எம்ஜி மிட்ஜெற் என்ற ஸ்போர்ட்ஸ் கார்களின் பொக்ஸும் ஒரே குடும்பம். 1958இல் வந்த ஸ்பிரைற்றையும் 1961இல் வந்த மிட்ஜெற்றையும் இன்றும் ஆசையோடு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அதனால் அங்கே சாமான் தட்டுப்பாடில்லை. "பொறுங்கோ மச்சான், கழற்றிப் பாத்திட்டுச் சொல்லுறன்" என்றேன்.

பொக்ஸை இறக்கி மண்ணெண்ணெயில் கழுவி, மேனுவல் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மூடி இருக்கும் பக்கம் வேறு, போல்ட் துளைகள் வேறு. எஞ்சினோடு சேரும் இடத்தில் கையால் வெட்டித் துளையிட்ட ஒரு தடித்த இரும்புத் தகடு. வேறொரு ஆங்கிலக் காரின் பொக்ஸைப் பொருத்தியிருக்கிறார்கள். இனிப் பேரிங்கைத்தான் கேட்க வேண்டும்.

பின்பக்கப் பேரிங்கின் வெளி வளையத்தில் எழுத்து இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இந்த இடத்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது. வளையத்தை எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, வெள்ளைச் சோக்கை அதன் முகத்தில் நன்றாகத் தேய்த்து, விரல் நுனியால் மெதுவாக வழித்துவிட வேண்டும். பள்ளத்தில் நிற்கும் சோக்கு மட்டும் மிஞ்சும். கைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தோம். ஹொஃப்மன் என்ற கம்பனிப் பெயர், செல்ம்ஸ்போர்ட் என்ற ஊர், எம்எஸ் 10 என்ற எண் என்று ஒவ்வோர் எழுத்தாக மேலே வந்தது. ஹொஃப்மன் 1969இல் ரான்சம் அன்ட் மார்ல்ஸ், பொலார்ட் ஆகிய கம்பனிகளோடு இணைந்து ஆர்எச்பி ஆனது. அத்தனை வயதான பேரிங் அது, இன்னும் சத்தமில்லாமல் சுழல்கிறது.

எண் கிடைத்தாலும் அளந்துதான் ஆக வேண்டும். உள்விட்டம் 25.4, வெளிவிட்டம் 63.5, அகலம் 19.05 மில்லிமீற்றர். அதாவது ஒரு அங்குலம், இரண்டரை அங்குலம், முக்கால் அங்குலம். இதே அளவுக்கு ஆர்எச்பி எம்ஜே 1 என்றும், எஸ்கேஎஃப் ஆர்எம்எஸ் 8 என்றும் எண் போடுவார்கள். இந்த மூன்றில் எதைச் சொல்லிக் கேட்டாலும் ஒரே சாமான்தான்.

முன்பக்கத்தில் இருந்தது வேறு: 6305. மெட்ரிக் எண்களை வாசிப்பது சுகம். 04இலிருந்து மேலே, கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும், 05 என்றால் 25. முன்னால் 62 இருந்தால் மெல்லிய வகை, 63 இருந்தால் அதைவிடத் தடித்த வகை. 6305இன் அளவு 25, 62, 17. ஆனால் பேரிங் இருந்த குழியை அளந்தால் 63.5. இடைவெளியில் முக்கால் மில்லிமீற்றர் தகட்டை வளைத்துச் செருகி, அகலத்துக்கு ஒரு வாசரும் வைத்து, தண்டையும் 25க்குத் தேய்த்திருந்தார்கள். தகடு ஓரிடத்தில் தேய்ந்து கத்தி விளிம்பு மாதிரி ஆகியிருந்தது. உறுமல் அங்கிருந்துதான் வந்தது.

பரந்தனில் இருக்கும் வயதான மெக்கானிக் ஐயா தகட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். "அப்ப வன்னிக்குள்ள பேரிங் வராது தம்பி. உழவு மெசினில கழட்டினதைக் கொண்டுவருவினம், நாங்கள் அதுக்கேத்த மாதிரி செய்து குடுப்பம்." அந்தத் தகட்டோடு கார் இத்தனை வருடம் ஓடியிருக்கிறது. அப்படி வேலை செய்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

பேரிங் கடையில் பின்பக்கத்துக்கும் 6305ஐயே போடலாம், தண்டைக் கொஞ்சம் தேய்த்தால் சரி என்றார்கள். நான் மறுத்துவிட்டேன். தண்டின் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டது. தேய்த்தால் அந்தத் தோல் போகும், பிறகு சரியான பேரிங்கை எப்போதுமே போட முடியாது. எங்கள் தண்டில் பின்பக்கப் பேரிங் உட்காரும் இடம் பழுதில்லாமல் இருக்கும்போது அதைக் கெடுப்பது அநியாயம். பழைய ஆங்கில மோட்டார் சைக்கிள்களுக்கும் அங்குல அளவுப் பேரிங்தான் என்பதால் இங்கிலாந்தில் அதை இன்னும் விற்கிறார்கள். எம்ஜே 1ஐ மச்சான் அங்கே வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார்.

முன்பக்கத் தண்டு ஏற்கெனவே தேய்ந்தது, ஆகவே அங்கே 6305தான். கேட்கும்போது எண்ணோடு நிறுத்தாதீர்கள், பின்னால் வரும் எழுத்துகளையும் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் தகர மூடி என்றால் இஸட்இஸட், றப்பர் மூடி என்றால் 2ஆர்எஸ். கியர்பொக்ஸுக்கு இரண்டும் வேண்டாம், பொக்ஸ் எண்ணெய் உள்ளே போக வேண்டும், திறந்த பேரிங் போதும். வெளி வளையத்தில் கிளிப் பள்ளம் வேண்டுமென்றால் என் (N) என்ற எழுத்து. சி3 என்றால் உள்ளே சற்றுக் கூடிய இடைவெளி. எங்களுக்குப் பள்ளம் தேவைப்படவில்லை, சாதாரண இடைவெளியே எடுத்தோம்.

தகட்டுக்குப் பதிலாக வவுனியாவில் ஒரு லேத்தில் முழு உருக்கு வளையம் கடைந்தோம். அங்கே வேனியரை நம்பவில்லை, மைக்ரோமீற்றரால் குழியைப் பல இடங்களில் அளந்து, இறுக்கமாகப் போகும்படி செய்தார்கள். பேரிங்குகளை எண்ணெயில் சூடாக்கி, உள்வளையத்தில் குழாய் வைத்துத் தட்டி ஏற்றினோம். வெளிவளையத்தில் தட்டினால் அடி முழுக்கக் குண்டுகளுக்குத்தான் விழும்.

இப்போது இரண்டாம் கியரில் பற்சக்கரச் சத்தம் மட்டும்தான். அளவுகளையும் எண்களையும் எழுதி, மூடியின் உள்பக்கத்தில் பெயின்ற்றாலும் குறித்துவிட்டேன்: முன் 6305, வளையத்தோடு, பின் எம்ஜே 1.