பெரியப்பா சொன்ன செவர்லே

விருதுநகரில் எங்கள் பழைய எண்ணெய்ச் செக்குக் கொட்டகையை இடிக்க வேண்டி வந்தபோது, உள்ளே நின்ற லாரியை என்ன செய்வது என்ற கேள்வி என் தலையில் விழுந்தது. தாத்தா காலத்தில் எண்ணெய் டின்களைக் கடை கடையாக இறக்கிவிட்டு வந்த வண்டி அது. நான் பிறப்பதற்கு முன்பே ஓட்டம் நின்றுவிட்டது. எங்களுக்கு ஒளிந்து விளையாடும் இடம், கோழிகளுக்கு முட்டையிடும் இடம். பழைய இரும்புக்காரர் வந்து எடைக்கு ஒரு விலை சொல்லிவிட்டுப் போனார். கொடுப்பதற்கு முன்னால் இது என்ன வண்டி என்றாவது தெரிந்துகொள்வோமே என்று இறங்கினேன்.

பெரியப்பாவைக் கேட்டேன். "இதுல என்னடா சந்தேகம்? செவர்லே. முப்பத்தஞ்சாம் வருஷம். ஐயா வாயால கேட்டிருக்கேன்" என்றார். ஆர்.சி. புத்தகம் கரையானுக்குப் போய் நாளாகிவிட்டது. முகப்பில் சின்னம் எதுவும் இல்லை. ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாகத் துணி சுற்றிய மரக்கட்டை.

எங்கள் தெரு மேஸ்திரியைக் கூட்டிவந்து பானட்டைத் திறந்தேன். முதல் வேலையாக பிளக்குகளை எண்ணினார். நாலு. சிலிண்டருக்கு ஒரு பிளக், ஆக நாலு சிலிண்டர். அந்த இடத்திலேயே பெரியப்பாவின் கட்சி ஆட்டம் கண்டது. செவர்லே 1929-லேயே ஆறு சிலிண்டருக்கு மாறிவிட்டது. அதற்கு முந்தைய நாலு சிலிண்டர் செவர்லேயாக இருக்குமோ என்றால், அதில் வால்வுகள் எஞ்சினின் தலைப்பகுதியில் இருக்கும். இதில் தலை மொட்டைத் தட்டை, வால்வுகள் பிளாக்குக்குள் பக்கவாட்டில். பிளக்குகளுக்கு வயரும் கிடையாது, டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து சின்னச் சின்னத் தகட்டுப் பட்டைகள் ஓடின. "வயருக்கு வக்கில்லாம எவனோ தகரத்தை வெட்டிப் போட்டிருக்கான்" என்று மேஸ்திரி சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு படித்துப் பார்த்தால், ஃபோர்டு மாடல் ஏ எஞ்சினுக்குக் கம்பெனி அமைப்பே அதுதான்.

பெட்ரோல் டாங்கும் அதையே சொன்னது. முன்கண்ணாடிக்குக் கீழே, ஓட்டுகிறவர் முழங்காலுக்கு நேர் எதிரே இருந்தது. பம்ப் இல்லை, பெட்ரோல் தானாக இறங்கி கார்புரேட்டருக்குப் போகும். பீடி குடித்துக்கொண்டே இதை ஓட்டிய டிரைவர்களை நினைத்து மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

சரி, ஃபோர்டு. ஆனால் மாடல் ஏ கார், இது லாரி. காரில் குலுக்கலைத் தாங்கும் பின்பக்க ஸ்பிரிங் பட்டை குறுக்கே ஒன்றுதான் இருக்கும். இதில் நீளவாக்கில் பக்கத்துக்கு ஒன்று. முன் அச்சின் நடுவிலிருந்து பின் அச்சின் நடுவுக்கு இஞ்சு டேப் பிடித்தோம். 131 இஞ்சும் கொஞ்சமும் வந்தது. ஃபோர்டு கணக்கில் அது 131.5 இஞ்சு, அதாவது மாடல் ஏஏ என்ற ஒன்றரை டன் லாரி. எஞ்சின் 3.3 லிட்டர், 40 குதிரைசக்தி.

வருஷம் கண்டுபிடிப்பதில்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இந்த வயசு லாரியில் எந்தப் பாகமும் மாற்றப்பட்டிருக்கலாம், ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. கியர்பாக்ஸில் நாலு கியர் இருந்தது. ஏஏ முதலில் மூன்று கியரோடு வந்தது, நாலாவது 1929-ல் சேர்ந்தது. பின் அச்சைத் திறக்க மண்ணெண்ணெயும் சுத்தியலும் ஒரு நாள் முழுக்க வேலை செய்தன. ஆரம்ப கால ஏஏ-யில் திருகு மரை மாதிரியான வார்ம் கியர் இருக்கும், எங்களுடையதில் கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடி. அது 1930-ல் வந்த மாற்றம். 1932-ல் அடுத்த மாடலான பிபி வந்துவிட்டது, அதில் டாங்கு அந்த இடத்தில் இல்லை. அப்படியானால் 1930 அல்லது 31. தாத்தா இதை முப்பத்தைந்தில் பழைய வண்டியாக வாங்கியிருப்பார், அந்த வருஷம்தான் பெரியப்பா மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது என் ஊகம்.

எஞ்சின் நம்பர் இடதுபக்கம், தண்ணீர்க் குழாய் பிளாக்கில் சேரும் இடத்துக்கு மேலே இருந்தது. சுரண்டி, சாக்பீஸ் தடவிப் பார்த்தேன். எண்கள் பாதி அழிந்திருந்தன, அவற்றுக்கு முன்னால் 'சிஏ' மட்டும் தெளிவாக இருந்தது. சி.ஏ. படித்த எஞ்சின் என்று வீட்டில் கிண்டல் செய்தார்களே தவிர, யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

புரியவைத்தது ஒரு திருகாணி. பின்னாலிருக்கும் சாமான் பெட்டி நம் ஊர் ஆசாரி செய்தது. நல்ல தேக்கு, கோடு வெட்டிய சாதாரணத் திருகாணிகள். டிரைவர் சீட்டுக்குக் கீழே இருந்த சட்டம் மட்டும் வேறு மரம். அதன் திருகாணித் தலையில் சதுரக் குழி. எந்த ஸ்க்ரூடிரைவரும் உட்காரவில்லை. படமெடுத்து மாமா மகனுக்கு அனுப்பினேன். டொராண்டோவில் இருக்கிறான். "மச்சான், இது ராபர்ட்சன். இங்க எல்லார் வீட்டுலயும் கிடக்கும்" என்று அஞ்சு நிமிஷத்தில் பதில் வந்தது.

ராபர்ட்சன் என்ற கனடாக்காரர் 1909-ல் காப்புரிமை வாங்கிய திருகாணி அது. கனடா ஃபோர்டு தொழிற்சாலை இதை மூட்டை மூட்டையாகப் பயன்படுத்தியது. அமெரிக்காவில் பரவவில்லை. ஹென்றி ஃபோர்டுக்கும் அவருக்கும் உரிமம் பற்றிய பேச்சு முறிந்ததுதான் காரணம் என்பார்கள். அப்புறம் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தது. 'சிஏ' என்பது கனடாவில் செய்த மாடல் ஏ எஞ்சினின் முத்திரை. 1904-ல் ஒண்டாரியோவின் வாக்கர்வில்லில் தொடங்கிய ஃபோர்டு கனடாவுக்கு, பிரிட்டனும் அயர்லாந்தும் நீங்கலாகப் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுக்க விற்கும் உரிமை இருந்தது. அதனால்தான் வலதுபக்க ஸ்டீயரிங். அதன் கிளையாக 1926-ல் இந்திய ஃபோர்டு தொடங்கி, பம்பாய், கல்கத்தா, சென்னையில் வண்டிகளின் பாகங்களைப் பூட்டி விற்றது. 1954-ல் கடையைக் கட்டியது. அமெரிக்க லாரி என்று நான் பெருமையாக எழுதி வைத்திருந்த தாளைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று.

ஒரே ஒரு விஷயம் மட்டும் எந்தப் படத்தோடும் பொருந்தவில்லை. பெட்டியின் ஓரத்தில் சட்டத்தோடு பூட்டிய இரண்டு கனமான இரும்புக் கொக்கிகள். அதற்குப் பெரியப்பாதான் விடை சொன்னார். யுத்தக் காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, கரியை எரித்து அந்த வாயுவில் வண்டி ஓட்டினார்களே, அந்தக் கரி உலை தொங்கிய இடமாம். காலையில் கிளீனர் பையன் அரைமணி நேரம் விசிறினால்தான் வண்டி நகருமாம். இதைச் சொல்லும்போதும் அவர் வாயில் செவர்லேதான்.

இரும்புக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிட்டோம். சீட்டுச் சட்டத்தில் இன்னும் ஆறு திருகாணிகள் கழற்றாமல் இருக்கின்றன. ராபர்ட்சன் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடிக்கு அளவுக்கு ஒரு நிறமாம். பச்சையா, சிவப்பா, கறுப்பா என்று மச்சான் கேட்டான். குழியை அளந்து அனுப்பினேன். பொங்கலுக்கு வரும்போது சிவப்பு கொண்டுவருகிறான்.