ஊசி போட்டால் ஜவ்வு வளருமா?

பிசியோதெரபி வேலையில் பாதி, கேள்விக்குப் பதில் சொல்வதுதான். மீதிப் பாதியில்தான் உடற்பயிற்சியும் ஐஸ் ஒத்தடமும் வலி குறைய மின்சாரம் கொடுக்கும் ஐஎஃப்டி மெஷினும் வரும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் "சுளுக்கு எடுப்பீங்களா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அப்புறம் "ஆபரேஷன் இல்லாம சரியாகுமுங்களா?" என்ற கேள்வி வந்தது. இப்போது கோவையில் எங்கள் மையத்துக்கு மூட்டு வலியோடு வருபவர் கொஞ்சம் வசதியானவர் என்றால், இரண்டாவது முறை வரும்போது மெதுவாக ஆரம்பிப்பார்: "ஏனுங்க சார், இந்த ஸ்டெம் செல் ஊசி போட்டா ஜவ்வு வளருங்களா?"

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இடது முழங்காலில் வலி. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவார். கையில் ஒரு வழவழப்பான ஃபைல். ஒரு தனியார் கிளினிக்கில் கொடுத்த விளம்பரத் தாள் அதில் இருந்தது. நீல நிறத்தில் உருண்டை உருண்டையாகச் செல்கள், கடற்கரையில் ஓடும் வெள்ளைக்காரத் தம்பதி, 'கத்தி இல்லை, பக்கவிளைவு இல்லை, அன்றே வீடு திரும்பலாம்' என்ற வரி. எந்தச் செல், எங்கிருந்து எடுக்கிறார்கள், எத்தனை செல் உள்ளே போகிறது என்பது மட்டும் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தும் கிடைக்கவில்லை. "அவங்க சொல்ற தொகைக்கு ஒரு பழைய கார் வாங்கிரலாமுங்க. ஆனா மூட்டை மாத்தாம தப்பிச்சா போதும்" என்றார்.

ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல். அந்தப் பெயரைச் சொல்லி விற்பது ஒரே சரக்கு இல்லை என்பதை அவருக்குச் சொல்லவே அரை மணி நேரம் ஆனது. கையில் ரத்தம் எடுத்து, மெஷினில் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியை மட்டும் மூட்டில் செலுத்துவது பிஆர்பி. அதில் ஸ்டெம் செல் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. ஆனாலும் சில இடங்களில் அந்தப் பெயரில்தான் பேசி முடிக்கிறார்கள். இடுப்பெலும்பு மஜ்ஜையை எடுத்துச் செறிவாக்கிப் போடுவது இன்னொன்று. வயிற்றுக் கொழுப்பிலிருந்து பிரித்தெடுப்பது மூன்றாவது. ஆய்வகத்தில் வளர்த்து, எண்ணிப் பார்த்து, உறையவைத்துக் குப்பியில் வருவது நான்காவது. இந்தக் குப்பிச் செல்கள் பெரும்பாலும் நம்முடையவை அல்ல. தானம் கொடுத்தவர்களின் மஜ்ஜையிலிருந்தோ குழந்தையின் தொப்புள்கொடியிலிருந்தோ வந்தவை.

மஜ்ஜை எடுப்பதை முன்பு வேலை பார்த்த எலும்பு மருத்துவமனையில் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். நோயாளி குப்புறப் படுத்திருப்பார். இடுப்பின் பின்பக்கம் எலும்பு மேடாகத் தட்டுப்படும் இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, தடித்த ஊசியைத் திருகித் திருகி எலும்புக்குள் இறக்குவார்கள். தோலும் எலும்பின் மேற்பரப்பும் மரத்திருப்பதால் அதுவரை ஒன்றும் தெரியாது. சிரிஞ்சை இழுக்கிற அந்த நொடியில்தான் முகம் சுருங்கும். உள்ளே உறிஞ்சும்போது வரும் வலியை மரப்பு மருந்து அடக்குவதில்லை. ஒரே இடத்தில் இழுத்துக்கொண்டே இருந்தால் மஜ்ஜைக்குப் பதில் வெறும் ரத்தம்தான் வரும். அதனால் கொஞ்சம் இழுத்து, ஊசியைத் திருப்பி, ஆழத்தை மாற்றி, மறுபடி கொஞ்சம் இழுப்பார்கள். அறுபது மில்லி எடுத்துச் சுழற்றினால் கடைசியில் பத்து மில்லிக்குள் ஒரு செறிவு நிற்கும். கைதேர்ந்தவர் எடுப்பதற்கும் அவசரமாக எடுப்பதற்கும் வித்தியாசம் அந்த இழுப்பிலேயே இருக்கிறது. விளம்பரத் தாளில் இதெல்லாம் வராது.

அப்படி எடுத்த மஜ்ஜையிலும் நாம் தேடுகிற செல், உட்கரு உள்ள செல்களில் பத்தாயிரத்துக்கு ஒன்றோ லட்சத்துக்கு ஒன்றோதான். அதுவும் மூட்டுக்குள் போய் உட்கார்ந்து புதுக் குருத்தெலும்பாக, அதாவது வருபவர்கள் ஜவ்வு என்று சொல்வதாக, வளர்ந்துவிடும் என்ற பழைய நம்பிக்கை ஆராய்ச்சியாளர்களிடமே தளர்ந்துவிட்டது. இந்தச் செல்கள் கொஞ்ச நாள் உள்ளே இருந்து, அழற்சியைத் தணிக்கும் பொருள்களைச் சுரந்துவிட்டுப் போகின்றன என்பதுதான் இன்றைக்குப் பலரும் ஒப்புக்கொள்ளும் விளக்கம். வலி குறைவதற்கு அது போதுமானதாக இருக்கலாம். தேய்ந்த மூட்டு எக்ஸ்ரேயில் மறுபடி இடைவெளியோடு தெரியும் என்று எதிர்பார்ப்பது வேறு விஷயம். ஓட்டுநர் எதிர்பார்த்தது இரண்டாவதை.

"சரிங்க, வலியாவது போகுமுங்களா?" என்றார். இங்கேதான் பதில் சொல்வது கஷ்டம். முழங்காலுக்குள் எதைச் செலுத்தினாலும் பலருக்குக் கொஞ்ச நாள் வலி குறைகிறது. உப்புநீரைச் செலுத்தினாலும் குறைகிறது. ஆஸ்திரேலியாவில் 288 பேருக்கு, பாதிப்பேருக்கு பிஆர்பியும் பாதிப்பேருக்கு உப்புநீரும் செலுத்தி ஓராண்டு கவனித்தார்கள். 2021இல் முடிவு வந்தது. பத்துக்கு மதிப்பெண் போட்டால், பிஆர்பி போட்டவர்களின் வலி 2.1 குறைந்தது. உப்புநீர் போட்டவர்களுக்கு 1.8 குறைந்தது. அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஊசி போட்டு நன்றாக இருக்கிறது என்றால் நான் நம்புகிறேன். எதனால் நன்றாக இருக்கிறது என்பதைத்தான் அவர் சொல்ல முடியாது.

ஸ்டெம் செல்லையே நேரடியாகச் சோதித்த பெரிய ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. மஜ்ஜைச் செறிவு, கொழுப்பிலிருந்து எடுத்தது, தொப்புள்கொடிச் செல் மூன்றையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஏறத்தாழ 480 பேர். 2023இல் வெளிவந்த முடிவின்படி, ஓராண்டு கழித்து எல்லாப் பிரிவினருக்கும் வலி குறைந்திருந்தது. மூன்றில் எதுவும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை. எம்ஆர்ஐ படத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்டீராய்டு ஊசியின் விலை என்ன, இவற்றின் விலை என்ன என்பதை அந்த ஓட்டுநரே கணக்குப் போட்டுக்கொண்டார். (ஸ்டீராய்டையும் அடிக்கடி போடக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீதம் இரண்டு ஆண்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்ததை 2017இல் வந்த ஆய்வு காட்டியது.)

ஆனால் கதை அதோடு முடியவில்லை. பெங்களூரைச் சேர்ந்த ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம், தானம் பெற்ற மஜ்ஜைச் செல்களை வளர்த்து உருவாக்கிய மருந்துக்கு, முழங்கால் தேய்மானத்துக்காக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதி கிடைத்து, 2022இல் சந்தைக்கும் வந்தது. ஒரு ஊசியில் இரண்டரைக் கோடி செல். 146 பேரிடம் நடந்த சோதனையில், ஓராண்டுக்குப் பின் வலி, விறைப்பு, நடமாட்டம் எல்லாவற்றிலும் மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களைவிட இவர்கள் மேலாக இருந்தார்கள். இது தேய்மானம் இரண்டாம், மூன்றாம் கட்டத்தில் இருப்பவர்களுக்கு. எலும்போடு எலும்பு உரசும் நான்காம் கட்டத்துக்கு அல்ல. இந்தச் சோதனையையும் அமெரிக்கச் சோதனையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: நடுக்கட்டத்தில் இருப்பவருக்கு ஏதோ பலன் இருக்கலாம். ஆனால் ஒன்றில் ஒப்பிட்டது போலி ஊசியோடு, இன்னொன்றில் ஸ்டீராய்டோடு. அதனால் ஒன்றை வைத்து இன்னொன்றைத் தள்ளவும் முடியாது, கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. இன்னும் நான்கைந்து ஆண்டு கழித்து என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

அதுவரை ஒருவர் போட்டுக்கொண்டே தீருவேன் என்று நின்றால், நான் தடுப்பதில்லை. அனுமதி பெற்ற மருந்தா, இல்லையென்றால் பதிவுசெய்த மருத்துவச் சோதனையா என்று மட்டும் கேட்டுக்கொண்டு வரச் சொல்வேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிர்த் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ரத்தநோய்களுக்குச் செய்யும் மாற்றுச் சிகிச்சையைத் தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடு எதையும் வழக்கமான சிகிச்சையாகத் தரக் கூடாது என்றும் சோதனையாக மட்டுமே செய்யலாம் என்றும் தெளிவாக இருக்கிறது. சோதனை என்றால் அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பதிவு எண் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். "சோதனைன்னா எனக்கு எதுக்குங்க பில்லு?" என்று கேட்டுப் பாருங்கள் என்று ஓட்டுநரிடம் சொல்லி அனுப்பினேன். கேட்டிருக்கிறார். அங்கே பதில் சொன்னவர் பேச்சைத் தள்ளுபடி விலைக்கு மாற்றிவிட்டாராம்.

பக்கவிளைவே இல்லை என்ற வரியையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் 2018இல் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து தயாரித்த பொருளை மூட்டிலும் முதுகிலும் போட்டுக்கொண்ட 12 பேர் பாக்டீரியா தொற்றோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நம் உடம்பின் செல் என்றாலும், எடுக்கும் இடமும் சுழற்றும் மெஷினும் கை மாறும் சிரிஞ்சும் சுத்தமாக இருந்தால்தான் உண்டு.

விளையாட்டுக்காரர்கள் வேறு ஜாதி. அவர்கள் விளம்பரத் தாளை நம்ப மாட்டார்கள், ஆட்டக்காரரை நம்புவார்கள். டென்னிஸ் வீரர் ரஃபேல் நடால் 2014இல் முதுகுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை எடுத்தார், பேஸ்பால் வீரர் பார்டோலோ கோலோன் 2010இல் தோளுக்கு எடுத்துக்கொண்டு 2011இல் அமெரிக்காவின் பெரிய லீகுக்குத் திரும்பினார் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். அவர்களோடு கூடவே ஒரு பிசியோ பட்டாளமும் இருந்தது என்பது மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது. ஒரு கபடிப் பையன் வந்தான். ரைடில் கால் திருகி, முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் முழுக்க அறுந்திருந்தது. இரண்டு ஊசி போட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். படுக்கவைத்துக் கெண்டைக்காலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தேன். தடுப்பே இல்லாமல் எலும்பு நழுவி வந்தது. "டேய் தம்பி, முனை ரெண்டும் விலகி நிக்குது. கபடிக்குத் திரும்பணும்னா ஊசியை நம்பி உட்காராதே" என்று சொல்லி அறுவை மருத்துவரிடம் அனுப்பினேன்.

தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் காயம் என்றால் கதை கொஞ்சம் சுவாரசியமானது. பிரிட்டனில் பந்தயக் குதிரைகளின் முன்னங்கால் நாணில் அவற்றின் சொந்த மஜ்ஜைச் செல்களை வளர்த்துச் செலுத்தி, மறுபடி காயம் படுவது குறைந்ததாக 2012இல் எழுதினார்கள். பிரான்சில் தோள்பட்டை நாண் கிழிந்து தையல் போட்டவர்களில், மஜ்ஜைச் செறிவும் சேர்த்துப் போட்ட 45 பேரையும் வெறும் தையலோடு விட்ட 45 பேரையும் பத்தாண்டு தொடர்ந்தார்கள். முதல் பிரிவில் 87 சதவீதம் பேருக்குத் தையல் நின்றது, இரண்டாவதில் 44 சதவீதம் பேருக்குத்தான் நின்றது. ஆனால் யாருக்கு எது என்று குலுக்கிப் போட்டுப் பிரித்த ஆய்வு இல்லை அது. நம்பிக்கை தருகிறது, அவ்வளவுதான். அங்கேயும் ஊசி அறுவைக்குத் துணையாகத்தான் வந்தது. குதிரைக்கும் அப்படித்தான். ஊசிக்குப் பிறகு மாதக்கணக்கில், முதலில் நடை, அப்புறம் மெல்ல ஓட்டம் என்று அளந்து அளந்துதான் பயிற்சி கொடுத்தார்கள்.

இதனால்தான் ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் எங்கள் அறையில் நடப்பது பெரிதாக மாறுவதில்லை. நாணுக்கும் தசைக்கும் பாரம் ஏற ஏறத்தான் பலம் வரும். ஓட்டுநருக்குத் தொடைத் தசை இடது பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி வற்றியிருந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து முப்பது நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினோம். ஆரம்பத்தில் ஏழு. கட்டிலில் உட்கார்ந்து கணுக்காலில் வெயிட் கட்டி நீட்டுவது, சுவரில் சாய்ந்து பாதி உட்காருவது, படிக்கட்டில் ஒரு படி மட்டும் ஏறி இறங்குவது. அவர் வீட்டு அம்மா சோற்றைக் குறைத்தார். உடம்பு எடை ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் ஏறும் பாரம் நான்கு கிலோ குறையும் என்றதும் அந்த அம்மாதான் உடனே பிடித்துக்கொண்டார். வெயில் காலம் முடிவதற்குள் எண்ணிக்கை பன்னிரண்டுக்கு வந்தது. ஊசி யோசனையைத் தள்ளிப்போட்டிருக்கிறார், கைவிட்டுவிடவில்லை. தேய்மானம் மூன்றாம் கட்டத்தில் இருப்பதால் நானும் வற்புறுத்தவில்லை.

போட்டுக்கொண்டவர்களும் வருகிறார்கள். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர், அனுமதி பெற்ற மருந்தைத்தான் போட்டுக்கொண்டு, மருத்துவர் சொன்னபடி எங்களிடம் பயிற்சிக்கு வந்தார். ஒரு நாளும் தவறாமல் வந்தார், எடையும் குறைத்தார், இப்போது தோப்பைச் சுற்றி நடக்கிறார். எல்லாம் ஊசியின் மகிமை என்று ஊர் முழுக்கச் சொல்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை. ஊசியால் எவ்வளவு, பயிற்சியால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் அளவுகோல் இல்லை. போன மாதம் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்து, "இவருக்கும் அதே ஊசிக்கு ஏற்பாடு பண்ணுங்க" என்றார். மச்சானின் இரண்டு கால்களும் வெளிப்பக்கம் வில்லாக வளைந்திருந்தன, எக்ஸ்ரேயில் இடைவெளி துளியும் இல்லை. மூட்டு மாற்றுக்கு எழுதிக் கொடுத்து, காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். மச்சானுக்கு என் மேல் கோபம். தோப்புக்காரருக்கு அதைவிடக் கோபம்.