தங்கச்சி பேரில் ஓர் அர்ச்சனை

நுவரெலியாவுக்குப் பக்கத்திலிருக்கும் சீதா எலிய சீதையம்மனுக்கு அம்மா வைத்த நேர்த்திக்கடனை ஒருவழியாக முடித்துவிட்டோம். அடிக்கிற புருஷனிடமிருந்து தங்கச்சி பிள்ளையோடு உயிர் தப்பி வந்தால் பட்டு சாத்துகிறேன் என்று தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் நின்றபடியே வேண்டிக்கொண்டவர் அம்மா. அசோக வனத்தில் தனியாக அழுதவளுக்குத்தான் இவள் கஷ்டம் விளங்கும் என்பார்.

லயன் காம்பராவில், அதுதான் தோட்டத்து வரிசை வீட்டில், அடி விழுந்தால் அந்த வரிசைக்கே கேட்கும், ஆனால் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். பொறுத்துப் போ, சாமி பார்த்துக்கொள்ளும் என்று சொன்னவர்கள்தான் அதிகம். கதவைத் திறந்தது எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி வீடு. நடுச்சாமத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவளை பூசாரியம்மா ஒரு கேள்வி கேட்காமல் உள்ளே எடுத்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, காயத்துக்கு மஞ்சள் பூசி, தன் பக்கத்திலேயே படுக்க வைத்திருக்கிறார். விடிந்ததும் பூசாரி ஐயாவே பொலிசுக்குக் கூட்டிப்போனார். அங்கே முதலில் சமாதானமாகப் போகச் சொன்னார்கள், அது இன்னும் வயிற்றெரிச்சல்தான். அப்புறம் பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் அக்கா, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அது 12 மாதம் வரை செல்லும், வீட்டுப் பக்கமே புருஷன் வர முடியாதபடி தடுக்கலாம் என்று எடுத்துச் சொன்னார். வழக்கு நாளில் வெள்ளிக்கிழமை பஜனைக்கு வரும் பெண்கள் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டு வந்து நீதிமன்ற வாசலில் இவளோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒரு நாள் பேர் அவர்களுக்கு எவ்வளவு பெரிசு என்று தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்குப் போகவே கூடாது, நானு ஓயாவிலிருந்தே வாகனம் நகரவில்லை. டவுனில் இறங்கினால் வேன்காரர்கள் கையைப் பிடிக்காத குறை, வாய்க்கு வந்த விலை. வெலிமடை பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். கோயிலில் 2024 மே மாதக் கும்பாபிஷேகத்துக்குப் பிறகு கூட்டம் இன்னும் கூடிவிட்டது போலத் தெரிகிறது. ஆற்றங்கரையில் அனுமார் பாதம் இருக்கிற பாறையில் போட்டோ எடுக்கிறவர்கள் கும்பிட வந்தவர்களுக்கு வழி விடுவதே இல்லை.

ஆனால் அம்மன் முன்னால் போய் நின்றதும் எல்லாம் போய்விட்டது. பட்டு தங்கச்சி தன் கைக்காசில் எடுத்தது, அரக்கு நிறம், பச்சைக் கரை. குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, வீட்டுக்காரர் பேர், நட்சத்திரம் சொல்லுங்கள் என்றார். அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. தங்கச்சி மட்டும் நிமிர்ந்து நின்று தன் பேரைச் சொல்லி, ரோகிணி என்று சொல்லி, அடுத்து மகள் பேரைச் சொல்லி, "அவ்வளவுதான் சாமி" என்றாள். குருக்கள் அவளை ஒரு தரம் பார்த்தார், வேறொன்றும் கேட்காமல் அந்த இரண்டு பேரையும் சத்தமாகச் சொல்லி அர்ச்சனை செய்தார். தீபம் காட்டும்போது இவள் அழவில்லை, நாங்கள்தான் அழுதோம். தாயே, எங்கள் பிள்ளையைத் திருப்பித் தந்தாயே, எந்த ஜென்மத்துப் புண்ணியமோ!

பூசாரியம்மாவுக்கு என்று தனியாக விபூதி, குங்குமம் வாங்கி வந்தோம். வீட்டில் அடி வாங்கிக்கொண்டு இதை வாசிக்கிற சகோதரி யாராவது இருந்தால் 1938க்கு அழையுங்கள், பெண்களுக்கான அரசாங்க இலக்கம். அம்மா இப்போது மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்குப் போக வேண்டும் என்கிறார், பஜனைப் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு.