காரணம் தெரிந்த பிறகும் மாறாத மனம்

தெரபிக்குப் போகிறேன் என்று சொன்னால் சென்னையில் இப்போது யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் அதைப் பல் மருத்துவரிடம் போவதைப் போலத்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் போகிறேன், வாரத்துக்கு ஒரு முறை, அதே கிழமை, அதே நேரம் என்று சொல்லும்போது முகம் மாறுகிறது. "அப்படி என்னதான் சொல்லுவாங்க?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் எதுவும் சொல்வதில்லை, நான்தான் பேசுகிறேன் என்றால், "அதுக்கா இவ்வளவு காசு?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். இந்தப் பதிவு அதற்கான என் பதில்.

நான் போவது ஆழ்மனம் சார்ந்த உளவியல் சிகிச்சைக்கு. இதன் தொடக்கத்தை 1895-இல் வியன்னாவில் யோசப் பிராயர், சிக்மண்ட் ஃபிராய்டு என்ற இரு மருத்துவர்கள் சேர்ந்து வெளியிட்ட நோயாளிகளின் வரலாறுகளில் காணலாம். உளப்பகுப்பாய்வு எனப்படும் இந்த வழியை யுங், மெலனி கிளைன், வினிகாட் என்று பலர் பின்னர் பல திசைகளில் கொண்டுபோனார்கள். அவர்களுக்குள் சண்டைகளும் ஏராளம். ஆனாலும் ஒரு விஷயத்தில் எல்லோருக்கும் உடன்பாடு உண்டு: நாம் செய்வதற்கும் உணர்வதற்கும் உள்ள காரணங்களில் பெரும்பகுதி நமக்கே தெரியாமல் இயங்குகிறது. இது மேற்கத்தியச் சரக்கு, நமக்குப் பொருந்தாது என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல்: கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியது 1922-இல். ஃபிராய்டுடன் நெடுங்காலம் கடிதத் தொடர்பு வைத்திருந்த அவர், அந்தக் கோட்பாடுகளை அப்படியே விழுங்கியவர் அல்லர். எங்கே மாறுபடுகிறார் என்பதை ஃபிராய்டுக்கே எழுதினார்.

சிபிடி எனப்படும் முறை, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் நேரடியாக மாற்றப் பழக்கும் சிகிச்சை, வேறு வகை. அதில் குறிக்கோள் முதலிலேயே வகுக்கப்படுகிறது, வீட்டுப்பாடம் உண்டு, சில மாதங்களில் முடிந்துவிடும். பதற்றம், பயம் போன்றவற்றுக்கு அது நன்றாக உதவுகிறது. என் தோழி ஒருத்தி லிஃப்டில் ஏறத் தொடங்கியதே அதனால்தான். என் பிரச்சினைக்குத்தான் அப்படி ஒரு பெயர் இல்லை. எல்லோருக்கும் எல்லாவற்றையும் செய்து கொடுத்துவிட்டு, இரவில் காரணம் தெரியாத எரிச்சலுடன் விழித்துக் கிடப்பதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

இதில் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்குக் காரணம் தெரியாமல் இல்லை. மேற்கு மாம்பலத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மூத்த பெண், நெடுநாள் உடம்பு சரியில்லாத அம்மா, "அவ பாத்துப்பா" என்று எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளிவிடும் அப்பா: இந்த மூன்று வரியை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் என்னை விளக்கிவிடலாம், ஏழரைச் சனியைக்கூட இழுக்கத் தேவையில்லை. முதல் நாளே இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன், ஏதோ தணிக்கை அறிக்கையை வாசிப்பதைப் போல. சிகிச்சையாளர் கேட்டுக்கொண்டார். அந்த வாரமும் அதற்கடுத்த வாரங்களும் நான் பழையபடியே இருந்தேன். காரணத்தைத் தெரிந்துகொண்டால் மனம் மாறிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. சுயமுன்னேற்றக் காணொளிகள் அதை வைத்தே பிழைக்கின்றன. ஃபிராய்டு 1914-இல் எழுதிய ஒரு கட்டுரையிலேயே இதற்கான பதில் இருக்கிறது. நோயாளி தான் மறந்துபோனதை நினைவுகூர்வதில்லை, அதைச் செய்து காட்டுகிறார். தான் அதைத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறோம் என்பது தெரியாமலேயே செய்து காட்டுகிறார். காரணத்தைச் சொல்லிவிட்டதோடு சிகிச்சை முடிந்துவிடுவதில்லை, அதற்குப் பின் அதே இடத்தில் திரும்பத் திரும்ப உழைக்க வேண்டியிருக்கிறது என்பது அதன் சாரம்.

செய்து காட்டுவது என்றால் என்ன என்பது எனக்குப் புரிந்தது ஒரு விடுமுறையின்போது. அடுத்து வரும் இரண்டு வாரங்கள் தான் ஊரில் இருக்கமாட்டேன் என்று சிகிச்சையாளர் சொன்னார். "பரவாயில்லை மேடம், நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று அவர் வாயை மூடுவதற்குள் சொன்னேன். ஊருக்குப் போகும் வழியில் என்ன சாப்பிடலாம் என்பதையும் சொல்லியிருப்பேன், அவர் கையைச் சற்று உயர்த்தாமல் இருந்திருந்தால். "நான் போறேன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன தோணுச்சுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடியே என்னைப் பாத்துக்க ஆரம்பிச்சுட்டீங்க" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு வந்தது கோபம், அதுவும் நான் எதிர்பார்க்காத அளவுக்கு. காசு கொடுத்து வருகிறேன், எனக்கென்று வாரத்தில் இருக்கும் ஐம்பது நிமிடம் இது ஒன்றுதான், அதையும் விட்டுவிட்டுப் போகிறார் என்று. அம்மா மருத்துவமனையில் இருந்த நாட்களில் சித்தி வீட்டில் சமர்த்தாக இருந்த சிறுமிக்கும் இதே கோபம்தான் இருந்திருக்க வேண்டும். அதைக் காட்ட அன்று இடம் இருக்கவில்லை.

இப்படி, வாழ்க்கையில் முக்கியமானவர்களிடம் பழகிய விதத்தையே சிகிச்சையாளரிடமும் நாம் கொண்டுவந்துவிடுவதை டிரான்ஸ்ஃபரன்ஸ் என்கிறார்கள். மற்ற இடங்களில் அது உறவைக் கெடுக்கும். இங்கே அதுதான் மூலப்பொருள். நேரம், நாற்காலி, கட்டணம் எல்லாம் மாறாமல் இருப்பதன் பயனும் இதுவே: சட்டகம் அசையாமல் இருந்தால்தான் உள்ளே எது அசைகிறது என்பது தெரியும். மயிலாப்பூரில் மெட்ரோ வேலைக்காகப் பாதைகளைத் திருப்பிவிட்டிருந்த மாதங்களில் நான் சில முறை தாமதமாகப் போனேன். நெரிசல் உண்மை, அதை அவர் மறுக்கவில்லை. ஆனால் முந்தைய வாரம் அவர் சொன்ன ஏதோ ஒன்று எனக்குப் பிடிக்காமல் போன வாரங்களில் மட்டும்தான் லஸ் கார்னர் என்னைத் தாமதப்படுத்துகிறது என்பதை அவர் கவனித்திருந்தார். எரிச்சலாக இருந்தது. உண்மையாகவும் இருந்தது.

லண்டனில் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்ட் வினிகாட், 1960-இல் எழுதிய ஒரு கட்டுரையில் உண்மையான சுயம், பொய்ச் சுயம் என்ற பிரிவைப் பேசுகிறார். குழந்தையின் தேவைக்குத் தாய் இணங்குவதற்குப் பதில், தாயின் நிலைக்குக் குழந்தை இணங்க நேரும்போது, இணங்குவதில் தேர்ந்த ஒரு முகம் வளர்கிறது. அது உள்ளே இருப்பதைக் காப்பாற்றவும் செய்கிறது, மறைக்கவும் செய்கிறது. நம் வீடுகளில் "நல்ல பிள்ளை" என்று பெயர் வாங்குபவர்களைப் பற்றி இதைவிடக் கூர்மையான விவரணை எனக்குக் கிடைக்கவில்லை. எனக்கு ஒரு எதிர்வாதமும் உண்டு. வினிகாட்டின் உலகத்தில் தாயும் சேயும் மட்டுமே அறையில் இருப்பதாகத் தோன்றுகிறது. நம் வீட்டிலோ பாட்டி, அத்தை, மாடி வீட்டு மாமி என்று ஒரு கூட்டமே பிள்ளையை வளர்க்கிறது. என் அம்மாவுக்கு முடியாதபோது என் தலையைப் பின்னிவிட்டவர் அந்த மாமிதான். சிகிச்சையில் அம்மாவைப் பற்றிப் பேசிய அளவுக்கு அந்த மாமியைப் பற்றியும் பேசியிருக்கிறேன். ஆழ்மனச் சிகிச்சை என்றாலே பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்று நினைப்பவர்கள் உண்டு. என் அனுபவம் நேர்மாறானது. முப்பத்திரண்டு வயதில் இரண்டு குழந்தைகளோடும் ஓயாத மூட்டுவலியோடும் இருந்த ஒரு பெண்ணாக அம்மாவை முதன்முறையாக நினைத்துப் பார்த்தது அந்த அறையில்தான்.

கனவுகளைப் பற்றியும் கேட்பார்கள். பஞ்சாங்கத்தில் கனவுப் பலன் என்று ஒரு பட்டியல் உண்டு: பாம்பு கடித்தால் இது, பல் விழுந்தால் அது. ஃபிராய்டின் முறை இதற்கு எதிர்த் திசையில் நகர்ந்தது. கனவு கண்டவருக்கு அந்தக் கனவின் ஒவ்வொரு துண்டும் எதை நினைவூட்டுகிறது என்பதிலிருந்துதான் பொருள் பிறக்கும் என்றார் அவர். ஒரு நாள் நான் ரேஷன் கடை வரிசையில் நிற்பதாகக் கனவு. கையில் தெருவில் உள்ள எல்லோருடைய குடும்ப அட்டைகளும் இருக்கின்றன, ஆளாளுக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு என்பது எனக்கு மனப்பாடம். என் முறை வருகிறது. சிரித்துக்கொண்டேதான் இதைச் சொன்னேன். "உங்க பேரு எந்த அட்டையில இருந்துச்சு?" என்று சிகிச்சையாளர் கேட்டார். கனவில் நான் அதைத் தேடவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது, சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அட்டைகளை வைத்து ஒன்றரை மாதம் பேசியிருப்போம்.

எந்த மொழியில் பேசுவது என்பதும் சென்னையில் சிறிய விஷயம் அல்ல. இங்கே பலர் ஆங்கிலத்தில் பயின்று ஆங்கிலத்திலேயே சிகிச்சை செய்கிறார்கள். நானும் முதல் மாதங்களில் ஆங்கிலத்தில்தான் பேசினேன். பிராயரின் நோயாளியாக இருந்து அன்னா ஓ. என்ற புனைபெயரில் அறியப்பட்ட பெண், நோயின் ஒரு கட்டத்தில் தாய்மொழியான ஜெர்மனை இழந்து ஆங்கிலத்தில் மட்டுமே பேசினார்; பேச்சால் குணமாகும் இந்த முறைக்கு முதன்முதலில் பெயர் வைத்தவரும் அவரே. நோயாளி பெயர் வைத்த சிகிச்சை என்பது எனக்கு எப்போதும் பிடித்த தகவல். எனக்கு ஆங்கிலம் ஒரு கண்ணாடித் தடுப்பைப் போல இருந்தது. அப்பா பேசியதை அப்பாவின் வார்த்தைகளிலேயே சொல்ல நேர்ந்த நாளில் என் குரல் எட்டு வயதுக்கு இறங்கியது. அதன்பின் இருவரும் தமிழுக்கு மாறிவிட்டோம், அதைப் பற்றி எந்த ஒப்பந்தமும் செய்துகொள்ளாமல்.

சரி, என்னதான் மாறியது? சென்ற ஆண்டு அப்பாவுக்குக் கண்புரை அறுவை. நாள் குறித்ததும் தம்பி குரோம்பேட்டையிலிருந்து அழைத்தான்: "அக்கா, நீ லீவு போட்டுடுவல்ல?" வழக்கமாக அவன் கேட்பதற்கு முன்பே விடுப்பு விண்ணப்பம் போயிருக்கும். அன்று ஒரு சின்ன இடைவெளி வந்தது, அவ்வளவுதான். அந்த இடைவெளியில், போகாவிட்டால் நான் கெட்டவள் என்ற பழைய நிச்சயமும், அதற்குப் பக்கத்திலேயே, உண்மையில் எனக்கு அன்று அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்ற விருப்பமும் தனித்தனியாகத் தெரிந்தன. "இந்தத் தடவை நீ கூட்டிட்டுப் போ" என்றேன். அறுவை நாளன்று காலை முழுக்க என் கை தானாகக் கைபேசிக்குப் போய்க்கொண்டிருந்தது. தம்பி பழைய பரிசோதனைத் தாள்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பாதி வழியிலிருந்து திரும்பியிருக்கிறான். அறுவை நடந்தது, அப்பா நன்றாகவும் இருக்கிறார். சொட்டு மருந்துக்கான நேர அட்டவணையைத் தம்பி தானே எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினான், அதில் எழுத்துப் பிழைகள் இருந்தன. குற்ற உணர்வு போய்விட்டதா என்றால் இல்லை. அது வரும்போது அது சொல்வதையெல்லாம் செய்ய வேண்டியதில்லை என்று ஆகியிருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மாற்றமாகவே தெரியாது.

இது என் ஒருத்தியின் கதை, ஆதாரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: லண்டனின் டாவிஸ்டாக் மனநல மையம் நடத்திய ஆய்வு 2015-இல் வெளியானது. வேறு சிகிச்சைகளுக்குக் கட்டுப்படாத நாள்பட்ட மனச்சோர்வு உள்ள 129 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையோடு 18 மாதங்கள் வாரந்தோறும் உளப்பகுப்பாய்வு சார்ந்த சிகிச்சையும் தரப்பட்டது. சிகிச்சை முடிந்த நேரத்தில் இரு பிரிவுகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அது முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இந்தக் கூடுதல் சிகிச்சை பெற்ற பிரிவில் 44 சதவீதம் பேர் பெருமனச்சோர்வின் வரையறைக்குள் வரவில்லை. மற்றப் பிரிவில் அது 10 சதவீதம். முழுமையாகக் குணமானவர்கள் இரு பக்கமும் குறைவு. கடினமான நோயாளிகளிடம் கிடைத்த அடக்கமான முடிவு இது. சிகிச்சை நின்ற பிறகும் உள்ளே வேலை தொடர்கிறது என்ற பகுதியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

எல்லோருக்கும் எல்லா நேரத்துக்கும் இது ஏற்றதும் அல்ல. தூக்கமும் சாப்பாடும் நின்றுபோனவருக்கும், இல்லாத குரல்கள் கேட்பவருக்கும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவருக்கும் முதலில் தேவை மனநல மருத்துவர். 1794-இலிருந்து தொடரும் மரபுள்ள கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். மருந்தும் இந்தச் சிகிச்சையும் சேர்ந்தே நடப்பதில் தவறில்லை. தேடிப் போகிறவர்கள் கூச்சப்படாமல் விசாரிக்க வேண்டும்: மருத்துவ உளவியல் நிபுணர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா, இந்த முறையில் எங்கே பயிற்சி பெற்றார், மூத்தவர் ஒருவரிடம் தன் வேலையைப் பற்றிக் கலந்து பேசுகிறாரா, தானே இத்தகைய சிகிச்சையில் இருந்திருக்கிறாரா. கவுன்சலர் என்ற பலகையைச் சில வார வகுப்புக்குப் பின் மாட்டிக்கொள்பவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். "என் பொண்ணு உள்ளே என்ன சொன்னா?" என்று வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கும் ஒரு சொல்: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது.

காசைப் பற்றிய கேள்வி இன்னும் நிற்கிறது. தனியாரிடம் வாரந்தோறும் போவது மாதச் சம்பளக்காரருக்குச் சுமைதான். என் மருத்துவக் காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும், இப்படி உட்கார்ந்து பேசுவதற்குத் தராது. ஆழமான சிகிச்சை வசதியுள்ளவர்களின் சலுகையாக இருப்பது இந்தத் துறையின் பெரிய குறை, அதைத் துறையினர் போதுமான அளவு பேசுவதில்லை என்றும் நினைக்கிறேன். வருமானத்துக்கேற்பக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

இப்போது நாங்கள் முடிப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறோம். முடிவுத் தேதியைப் பல மாதங்களுக்கு முன்பே குறித்துவிட்டு, அதை நோக்கிப் போகும்போது எழுவதையெல்லாம் பேசுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியாம். கடைசி நாளுக்கு அவருக்கு என்ன பரிசு வாங்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருப்பதைச் சென்ற வாரம் சொன்னேன். பரிசைப் பற்றி அடுத்த வாரம் பேசலாம், அதற்கு முன் நீங்கள் எதை வாங்கிக்கொண்டு போக விரும்புகிறீர்கள் என்று கேட்டார். நேரம் முடிந்துவிட்டது, இந்த வாரம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.