குதிரைக்கு வயிற்றுவலி: ஒரு ராத்திரி அனுபவம்

குதிரை வைத்திருப்பவர்கள் அதிகம் பயப்படுவது கோலிக் என்கிற வயிற்றுவலிக்குத்தான். என் குதிரை முதலில் தீனியைத் தொடாமல் நின்றது. அப்புறம் முன்காலால் தரையைக் கீறியது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்த்தது, படுத்துப் படுத்து எழுந்தது. லாயத்தில் கிடந்த லத்தியும் கொஞ்சம்தான், அதுவும் காய்ந்து சிறுத்திருந்தது.

போனில் மருத்துவர் முதலில் கேட்டது நாடித்துடிப்பு. தாடை எலும்புக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாயில் விரல் வைத்து எண்ணினேன்: 52. வளர்ந்த குதிரை சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். 60-ஐத் தாண்டி இறங்காமல் நின்றால் அறுவை சிகிச்சை வரை யோசிக்க வேண்டும் என்றார். காய்ச்சல் இல்லை, 38 டிகிரி. ஈறு இளஞ்சிவப்பு, அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் நிறம் திரும்பியது. விலாவில் காதை வைத்தால் குடல் சத்தம் கேட்டது, ஆனால் மந்தமாக.

தீனியை எடுத்துவிடச் சொன்னார். வலி ஊசி கையில் இருந்தாலும் தான் வரும்வரை போடக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். வலி அடங்கிவிட்டால், உள்ளே குடல் முறுக்கிக் கிடந்தாலும் வெளியே தெரியாது. உருண்டு அடிபடாமலிருக்கக் கொஞ்சம் நடத்தினேன். மணிக்கணக்காக நடத்திக் களைக்க வைப்பதில் பயன் இல்லை.

வந்ததும் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டார். பார்க்கச் சங்கடம்தான். ஆனால் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையில் தேங்குவதை வெளியேற்றாவிட்டால் அது கிழிந்தே போகலாம். நல்லவேளை, எதுவும் தேங்கவில்லை. பிறகு மலக்குடல் வழியாகக் கைவிட்டுப் பார்த்தார். பெருங்குடல் மடங்கிக் குறுகும் இடத்தில் தீனி கெட்டியாக அடைத்திருந்தது. ஃப்ளூனிக்சின் என்கிற வலி மருந்தை ரத்தக்குழாயில் ஊசியாகப் போட்டார். தசையில் போட்டால் சில சமயம் மோசமான தொற்று வருமாம். அதே குழாய் வழியாக வெதுவெதுப்பான தண்ணீரும் உப்புகளும் போயின.

விடிந்த பிறகுதான் லத்தி விழுந்தது. அவ்வளவு ஆவலாக நான் வேறெதற்கும் காத்திருந்ததில்லை! நாடி 40-க்கு இறங்கியது. அன்றைக்கு ஊறவைத்த புல் மட்டும், கைப்பிடி கைப்பிடியாக. தானியம் சில நாள் கழித்துத்தான்.

குதிரை தேறியதும் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பற்கள் ஓரத்தில் கூராக வளர்ந்து, தீனி சரியாக மெல்லப்படாமல் உள்ளே போயிருக்கிறது. அரத்தால் ராவிச் சமன் செய்தார். இப்போது வருடா வருடம் பல்லையும் காட்டிவிடுகிறேன்.