விற்றாச்சு, ஆனால் பணம் வரவில்லை

டர்பனில் சொத்து மாற்றம் பார்க்கும் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பழைய வீட்டை வாங்கி, பழுது பார்த்து விற்கும் நம்மவர்கள் நிறையப் பேர் வருவார்கள். வங்கிக்குக் காத்திருக்க முடியாமல் தெரிந்தவர்களிடம் ஆறு மாதத் தவணைக்குக் கடன் வாங்கியிருப்பார்கள்.

"வீட்டை வித்தாச்சு அண்ணே, அடுத்த வாரம் பணத்தை எண்ணி வச்சிடறேன்" என்று என் மேசைக்கு எதிரிலேயே ஒருவர் போனில் வாக்குக் கொடுத்தார். விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துதான் ஆகியிருந்தது. வாங்குபவரின் வங்கி தருவது உத்தரவாதக் கடிதம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் பெயர் மாறிய பிறகுதான் அது பணமாகும். எல்லாம் ஒழுங்காகப் போனாலே இரண்டு மூன்று மாதம் ஆகிவிடும்.

அதற்குள் விற்பவர் கையிலிருந்தே செலவு வேறு. டர்பனை நிர்வகிக்கும் ஈதெக்வினி மாநகராட்சியின் வரிபாக்கி இல்லாச் சான்றிதழுக்குப் பழைய பாக்கியோடு சில மாத முன்பணமும் கட்ட வேண்டும். வீட்டின் மின்கம்பி வேலை பாதுகாப்பானது என்ற சான்றிதழ் வேண்டும். கடலோரம் என்பதால் மரத்தில் வண்டு இல்லை என்ற சான்றும் கேட்பார்கள். கடன் பணம் முழுவதையும் டைல்ஸிலும் அலமாரியிலும் போட்டவர்கள் திணறுவது இந்த இடத்தில்தான். 5,00,000 ராண்டுக்கு மாதம் இரண்டு வட்டி என்றால், மூன்று மாதத் தாமதம் 30,000 ராண்டைத் தின்றுவிடும். வாங்கும் வீடு இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருந்தால் இன்னும் மோசம். இறந்தவர் சொத்துகளை மேற்பார்க்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம், அந்தச் சொத்துக்கு நிர்வாகியை நியமித்த கடிதம் கையில் வராமல் கடன் வாங்கவே கூடாது என்பேன்.

விற்காவிட்டால் வங்கிக் கடனுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். சரி, மாற்றலாம். ஆனால் வங்கி தன் மதிப்பீட்டையும் உங்கள் வருமானத்தையும்தான் பார்க்கும், நீங்கள் செய்த செலவையல்ல. அதை முன்பே போய்க் கேட்டுவைப்பவர் குறைவு. கொடுப்பவரும் கவனிக்க வேண்டும்: 2005 தேசியக் கடன் சட்டப்படி, வெளியாருக்கு வட்டிக்குக் கொடுப்பவர் பெரும்பாலும் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

மெர்பேங்க் பகுதியிலிருந்து வரும் ஓர் ஆன்ட்டி இதில் கெட்டிக்காரர். திருப்பித் தரும் நாளை, 'பெயர் மாற்றம் பதிவாகும் நாள்' என்றே எழுதுவார். கூடவே ஒரு கடைசித் தேதியும் இருக்கும். வட்டிக்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கிவிட்டுத்தான் கொத்தனாரையே கூப்பிடுவார். கடன் கொடுத்தவர் முதலில் முணுமுணுத்தார். அப்புறம், விற்ற பணத்திலிருந்து அவர் பங்கு வழக்கறிஞரின் பொறுப்புக் கணக்கிலிருந்து (கட்சிக்காரர் பணத்தை வைக்கும் தனிக் கணக்கு) நேராகவே வந்துவிடும் என்று எழுதிக் காட்டியதும் கையெழுத்துப் போட்டார்.