ஏஐ எழுதிய நிரலுக்கு இணையத்தையும் கோப்பையும் ஒரே நேரத்தில் கொடுக்காதீர்கள்

நிலாவெளியில் ஒரு விடுதியின் லப்டொப்பை நினைத்துப் பாருங்கள். விருந்தினரின் கடவுச்சீட்டு ஸ்கான்கள் 240 ஒரே போல்டரில் கிடக்கின்றன. "வந்த திகதிப்படி பெயர் மாற்றித் தா" என்று ஏஐயிடம் கேட்டால் பைத்தன் நிரல்மொழியில் பன்னிரண்டு வரி வரும். வாசிக்க ஒழுங்காகவே இருக்கும். உள்ளே 'ஓஎஸ் டொட் ரிப்ளேஸ்' என்றொரு பெயர்மாற்றும் கட்டளை இருக்கலாம். ஒரே நாளில் ஆறு பேர் வந்து இறங்கியிருந்தால் ஆறு கோப்புக்கும் ஒரே பெயர் விழும். ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டுக் கடைசியானது மட்டும் மிஞ்சும். பிழைச்செய்தி வராது. ரீசைக்கிள் பின்னிலும் ஒன்றும் இராது.

இது தெரியாமல் நடக்கும் சேதம். தெரிந்தே செய்யப்படும் சேதம் பக்கேஜ் வழியாக, அதாவது பிறர் எழுதி இணையத்தில் வைத்த ஆயத்த நிரல்தொகுப்பு வழியாக வரும். இல்லாத பக்கேஜ் பெயர்களை ஏஐ உண்மைபோலவே எழுதிவிடும். 16 ஏஐ மொழி மாதிரிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், வணிக மாதிரிகள் சொன்ன பக்கேஜ்களில் சராசரியாக 5.2 வீதமும் திறந்த மாதிரிகள் சொன்னவற்றில் 21.7 வீதமும் இல்லாதவை. அப்படியொரு பெயரை யாராவது முந்திக்கொண்டு பதிந்து, உள்ளே திருட்டு நிரலை வைத்துவிட்டால் போதும். பக்கேஜை நிறுவும் 'பிப் இன்ஸ்டோல்' கட்டளையை அடித்த அந்த நொடியிலேயே அது ஓடக்கூடும், ஏனென்றால் மூலவடிவப் பக்கேஜ்கள் நிறுவும்போதே தம் 'செட்டப்' கோப்பை இயக்குகின்றன. ஏற்கெனவே கட்டிமுடித்த பக்கேஜ்களை மட்டும் ஏற்கும் 'ஒன்லி பைனரி' தெரிவு அதைத் தடுக்கும். ஆனாலும் பக்கேஜை நிரலுக்குள் இம்போர்ட் செய்யும்போது (அழைத்துச் சேர்க்கும்போது) அதன் நிரல் ஓடத்தான் செய்யும்.

ஆகவே என் பிடிவாதம் ஒன்றுதான். பக்கேஜ் இறக்கும்போது இணையம் இருக்கட்டும், உங்கள் கோப்பு எதுவும் எட்டும் தூரத்தில் இருக்கக்கூடாது. நிரல் ஓடும்போது கோப்பின் பிரதி இருக்கட்டும், இணையம் இருக்கக்கூடாது.

ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பைத்தன் சூழல் அமைக்கும் 'வீஎன்வி'யைப் பலர் பாதுகாப்புக் கூண்டு என்று நம்புகிறார்கள். அது பக்கேஜ்களைத்தான் பிரித்து வைக்கிறது. உங்கள் போல்டர் எல்லாம் அதற்குள்ளிருந்து திறந்தே கிடக்கும். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் 'டபிள்யூஎஸ்எல்'லும் அப்படியே: சி டிரைவ் 'எம்என்டி' போல்டருக்குக் கீழே தெரியும், அதிலுள்ள உங்கள் கோப்புகள் எழுதக்கூடிய நிலையில் நிற்கும்.

நிரலைத் தனிப் பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் டொக்கர் இருந்தால் வேலை சுலபம். அந்தப் பெட்டிக்கான அச்சுதான் இமேஜ்; பைத்தனின் சிறிய 'ஸ்லிம்' இமேஜை எடுங்கள், முழு இமேஜ் விரிந்தால் 1 ஜிபி அளவுக்கு வரும், டேட்டா வீண். தேவையான பக்கேஜ்களை முதலில் இமேஜுக்குள் கட்டிவிடுங்கள். பிறகு ஓட்டும்போது நெட்வொர்க்கை 'நன்' (இல்லை) ஆக்கி, மெமரியை 512 எம்பிக்கும் புரொசஸ் எண்ணிக்கையை 100க்கும் கட்டுப்படுத்தி, விசேட அதிகாரங்களைப் பறிக்கும் 'கப் ட்ரொப் ஓல்' கொடுத்து, ரூட் (முழு அதிகாரம் கொண்ட பயனர்) அல்லாத பயனராக ஓட்டுங்கள். உள்ளீட்டுப் போல்டர் வாசிக்க மட்டும். எழுதுவதற்கு வெறுமையான இன்னொரு போல்டர். முழு அமைப்பையும் 'ரீட் ஒன்லி' ஆக்கினால் தற்காலிகக் கோப்பு எழுத இடமில்லாமல் சில நிரல்கள் முறிந்து விழும். 'டெம்ப்' போல்டருக்கு மெமரியில் மட்டும் இருக்கும் 'டெம்ப்எஃப்எஸ்' இடமொன்றைக் கொடுத்தால் சரியாகிவிடும். பிழையைப் பார்த்துப் பயந்து பூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றாதீர்கள். டொக்கரையே கட்டுப்படுத்தும் டொக்கர் சொக்கெட்டை ஒருபோதும் உள்ளே இணைக்காதீர்கள், அது வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பது.

விண்டோஸ் ப்ரோ வைத்திருப்போருக்கு தற்காலிகத் தனி விண்டோஸாக ஓடும் 'விண்டோஸ் சாண்ட்பொக்ஸ்' உண்டு. குறைந்தது 4 ஜிபி ரம் வேண்டும், மூடியதும் உள்ளே நடந்த எல்லாம் அழிந்துவிடும். ஆனால் இணையமும் கிளிப்போட்டும் இயல்பிலேயே திறந்திருக்கும், அதன் அமைப்புகளை எழுதும் 'டபிள்யூஎஸ்பி' கோப்பில் இரண்டையும் நிறுத்துங்கள்.

ஹோம் பதிப்பில் அது இல்லை. அப்பாவின் படகுக் கணக்கும் பிள்ளையின் ஏ.எல். பாடக்குறிப்பும் ஒரே லப்டொப்பில் இருக்கும் வீடுகளில், நிரல் ஓட்டுவதற்கென்றே ஒரு 'ஸ்டாண்டட்' பயனர் கணக்கைத் திறப்பது நல்லது. மற்றப் பயனர்களின் போல்டர்கள் அதற்குத் திறக்காது. ஆனால் டி டிரைவ் அப்படியல்ல. இரண்டாவது டிரைவில் யாரும் எழுதலாம் என்பதே வழக்கமான அனுமதி, குடும்பப் படங்கள் கிடப்பதும் பெரும்பாலும் அங்கேதான். டிரைவின் 'செக்யூரிட்டி' பக்கத்தில் அந்தப் பயனருக்கு 'டினை' (மறுப்பு) போடுங்கள். பென் டிரைவையும் வெளி ஹாட் டிஸ்க்கையும் கழற்றுங்கள், எக்ஸ்ஃபட் முறையில் போர்மட் செய்த டிஸ்க்குகளில் இந்த அனுமதிப் பூட்டே கிடையாது. இணைய டொங்கிளை இழுத்துவிட்டு நிரலை ஓட்டுங்கள். வேலை முடிந்ததும், வெளிவந்த கோப்புகளை எடுத்துக்கொண்டு, மறுபடி இணையத்தில் இணையமுன், அந்தக் கணக்கையே அழித்துவிடுங்கள். ஸ்டாட்அப்பில் எதையாவது ஒளித்து வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

வெளியே வந்த போல்டரை அப்படியே மூலத்தின்மேல் கொட்ட வேண்டாம். முதலில் எண்ணுங்கள். 240 உள்ளே போனால் 240 வெளியே வரவேண்டும். 171 என்று காட்டினால், நிரலில் பெயர் மோதும் இடத்தைச் சுட்டி, "இதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் பின்னால் இலக்கம் சேர்" என்று ஏஐயிடம் திருத்தக் கேட்டு, புதுப் பிரதியில் மறுபடி ஓட்டுங்கள்.